சர்வருக்குக் காய்ச்சல்... டெவலப்பருக்கு சிவராத்திரி!



'சர்வர்'னு சொன்னதும் நம்ம அப்பா, அம்மாவுக்கு ஞாபகம் வர்றது 1964-ல வந்த 'சர்வர் சுந்தரம்' நாகேஷ்தான். யோசிச்சுப் பார்த்தா, கம்ப்யூட்டர் சர்வரும் அதே உத்தியோகம்தான் பார்க்குது. டேபிள்ல உட்கார்ந்து நீங்க கேட்கறீங்க, அது உள்ளே போய் எடுத்துட்டு வந்து பரிமாறுது. என்ன ஒண்ணு... ஹோட்டல் சர்வருக்கு உடம்பு சரியில்லைன்னா லீவு போடுவார். இந்த சர்வருக்கு உடம்பு சரியில்லைன்னா, ஒரு வெப் டெவலப்பரோட தூக்கம் லீவு போடும்!

கேம்பஸ்ல 'வெப் டெவலப்பர்'னு ஆஃபர் லெட்டர் வாங்கினவங்களும், வாங்கப் போறவங்களும் கொஞ்சம் கிட்ட வாங்க. ஏ.சி. ரூம், சுழல் நாற்காலி, காதுல ஹெட்போன், விரல் நுனியில கோடிங்... இதெல்லாம் உண்மைதான். ஆனா, புதுசா புரோகிராம் எழுதற நேரத்தைவிட, நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடினது இன்னிக்கு ஏன் ஓடலைன்னு தேடற நேரம்தான் பல நாள்ல ஜாஸ்தி. நம்ம சிலபஸ்ல இதுக்கு ஒரு யூனிட்கூடக் கிடையாது. அதனால, இந்த வாரம் நாமே ஒரு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துடலாமா?

'என் மெஷின்ல ஓடுதே பாஸ்!'

உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும், டெவலப்பர்கள் எல்லாரும் சொல்ற ஒரே டயலாக் இதுதான். பொய்யும் இல்லை. அவங்க லேப்டாப்ல நிஜமாவே ஓடும். சர்வர்ல ஏத்தினதும் படுத்துக்கும். ஏன்?

முதல் வில்லன், பெரிய எழுத்து - சின்ன எழுத்து. ஆங்கிலத்துல 'லோகோ'ன்னு ஒரு படத்துக்குப் பேர் வைக்கறீங்க. முதல் எழுத்து கேப்பிடல். புரோகிராம்ல சின்ன எழுத்துல குறிப்பிடறீங்க. விண்டோஸ் பெருந்தன்மையா 'ரெண்டும் ஒண்ணுதான், போ'ன்னு விட்டுடும். ஆனா, பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ்ல ஓடுது. லினக்ஸ் கண்டிப்பான ஹெட்மாஸ்டர் மாதிரி. 'அந்தப் பேர்ல இங்கே யாரும் இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடும். நம்ம லேப்டாப்ல ஜம்முன்னு தெரிஞ்ச லோகோ, சர்வர்ல வெறும் கட்டமா நிக்கும்.

ரெண்டாவது வில்லன், வெர்ஷன். 2000-களின் நடுவுல பி.ஹெச்.பி. படிச்சு வெப்சைட் செஞ்ச சீனியர்கள் எல்லாரும் டேட்டாபேஸோட பேச 'மைஎஸ்க்யூஎல் கொயரி'ங்கற ஒரு ஃபங்ஷனைத்தான் உபயோகிச்சாங்க. 2015 டிசம்பர்ல வந்த பி.ஹெச்.பி. 7-ல அந்த ஃபங்ஷன் குடும்பத்தையே மொத்தமா நீக்கிட்டாங்க. அன்னியிலேர்ந்து, எந்த ஹோஸ்டிங் கம்பெனி பழைய வெர்ஷனைத் தூக்கிட்டுப் புதுசு போட்டாலும், அந்தப் பழைய சைட் எல்லாம் ஒரே ராத்திரியில வெள்ளைப் பேப்பராயிடும். 'நாங்க எதையுமே தொடலையே!'ன்னு கஸ்டமர் சத்தியம் பண்ணுவார். அவர் சொல்றது உண்மை. தொட்டது வேற ஒருத்தர்!

இந்தத் தலைவலிக்காகவே 2013-ல வந்தது 'டாக்கர்'. புரோகிராமோட சேர்த்து, அதுக்கு வேண்டிய வெர்ஷன், செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கட்டி எடுத்துட்டுப் போற வித்தை. கல்யாண வீட்டுக்குப் போற சமையல் மாஸ்டர், தன்னோட கரண்டி, கடாய், மசாலா எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போற மாதிரி!

ரிசல்ட் நாள் காலை... என்னதான் நடக்குது உள்ளே?

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற காலையில எல்லாரும் அனுபவிச்சிருப்போம். ஏழெட்டு லட்சம் பேர் ஒரே நிமிஷத்துல ரிஜிஸ்டர் நம்பரைத் தட்டறாங்க. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. நம்ம கைதான் சும்மா இருக்குமா? ரீஃப்ரெஷ்... ரீஃப்ரெஷ்... ரீஃப்ரெஷ்!

இப்போ சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பாருங்க. ஒரு கணக்குக்கு, சர்வர்ல ஒரே சமயத்துல 150 பேரைக் கவனிக்க ஆள் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு பக்கத்தைக் கொடுக்க கால் செகண்டுக்கும் குறைவா, 200 மில்லி செகண்ட் ஆகுதுன்னா, ஒரு செகண்டுக்கு 750 பேருக்கு ரிசல்ட் சொல்லிடலாம். கூட்டம் ஏற ஏற டேட்டாபேஸ் திணற ஆரம்பிக்கும். 200 மில்லி செகண்ட் 3 செகண்ட் ஆனா? அதே 150 ஆள், இப்போ செகண்டுக்கு 50 பேரைத்தான் கவனிக்க முடியும். வாசல்ல க்யூ வளருது. க்யூவில நிக்கறவங்க பொறுமை இல்லாம ரீஃப்ரெஷ் தட்ட, பழைய ஆர்டர் உள்ளே வெந்துக்கிட்டு இருக்கும்போதே அதே ஆள் பேர்ல புது ஆர்டர் விழும். முதல்ல வெந்த ரிசல்ட்டை வாங்கிக்க ஆளே இல்லை! இப்படித்தான் சர்வர் சுருண்டு விழுது.

இதுக்கு மருந்து எப்பவுமே 'பெரிய சர்வர் வாங்கு' இல்லை. முதல் மருந்து, டேட்டாபேஸ்ல 'இண்டெக்ஸ்'. அது இல்லாத டேபிள்ல ஒரு நம்பரைத் தேட, எட்டு லட்சம் வரியையும் மேலேருந்து கீழே படிக்கணும். இண்டெக்ஸ் இருந்தா, டிக்‌ஷனரியை நடுவுல பிரிச்சுப் பிரிச்சுத் தேடற மாதிரி. பாதிப் பாதியாக் குறைச்சுக்கிட்டே போனா, எட்டு லட்சத்துக்கு 20 தடவை பிரிச்சாலே போதும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்காகப் படிச்ச விஷயம், இங்கே லட்சம் பேரோட படபடப்பைக் குறைக்குது பாருங்க!

ரெண்டாவது மருந்து, முன்கூட்டியே சமைச்சு வைக்கறது. ரிசல்ட் ஒருமுறை வந்துட்டா மாறப் போறதில்லை. ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் டேட்டாபேஸை எழுப்பாம, பக்கங்களை முதல் நாளே தயார் பண்ணி வெச்சுட்டா சர்வர் எடுத்து எடுத்து நீட்டிக்கிட்டே இருக்கலாம். கல்யாணப் பந்தியில அப்பளத்தை ஆள் உட்கார்ந்த பிறகா பொரிக்கறாங்க?

தமிழ்ல பேர் போட்டா ஏன் தகராறு?

நம்ம ஊர் வெப் டெவலப்பருக்கு மட்டும் கிடைக்கற எக்ஸ்ட்ரா போனஸ் இது! 'தமிழ்'ங்கற சொல்லுக்கு எத்தனை எழுத்து? மூணுன்னு ஒண்ணாம் கிளாஸ் பாப்பாகூடச் சொல்லும். கம்ப்யூட்டரைக் கேளுங்க, அஞ்சுங்கும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி - யூனிகோடுல ஒவ்வொண்ணும் தனித்தனி. அதையே யூ.டி.எஃப்.8 முறையில சேமிச்சா, ஒவ்வொண்ணுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட்தான். 'பேருக்கு 30 பைட் போதும்'னு யாராவது வெளிநாட்டுல உட்கார்ந்து முடிவு பண்ணி வெச்சிருந்தா, நம்ம மீனாட்சிசுந்தரத்தோட பேர் பாதியில அறுந்து தொங்கும்!

இதைவிட விசித்திரம், 'ஸ்ரீ'. இதை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம். ஒண்ணு, 'ஸ'வை வெச்சு எழுதறது. இன்னொண்ணு, 2005-ல யூனிகோடுல சேர்த்த 'ஶ'வை வெச்சு எழுதறது. திரையில ரெண்டும் பெரும்பாலும் அச்சு அசலா ஒரே மாதிரி தெரியும். ஆனா, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற ஆள். ஒரு கீபோர்டுல 'ஸ்ரீதர்'னு பதிவு பண்ணிட்டு, வேற கீபோர்டுல தேடினா 'அப்படி யாரும் இல்லை'ன்னு பதில் வரும். ஸ்ரீதர் கண்ணெதிரே நின்னாலும்!

எமோஜி இன்னொரு கதை. மைஎஸ்க்யூஎல்ல 'யூ.டி.எஃப்.8'ங்கற பேர்லயே பல வருஷமா இருந்த செட்டிங், ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட்தான் இடம் தரும். தமிழுக்கு அது போதும். எமோஜிக்கு 4 பைட் வேணும். விளைவு? 'சூப்பர் சாப்பாடு'ன்னு எழுதி, பக்கத்துல ஒரு சிரிப்பு மூஞ்சியைப் போட்டா, சேமிக்க மாட்டேன்னு எரர் அடிக்கும். நாலு பைட்டுக்கான செட்டிங் 2010-லயே வந்துட்டாலும், 2018-ல வந்த 8.0 வெர்ஷன்லதான் அது தானாகவே அமையற மாதிரி மாத்தினாங்க. சிரிப்பு மூஞ்சியால எத்தனை டெவலப்பர்கள் அழுத மூஞ்சியா உட்கார்ந்திருப்பாங்க!

ஒன்பதரைக்கே அடிச்ச பன்னெண்டு மணி!

ஒரு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். 'கடைசி நாள் இரவு 11.59 வரை'ன்னு போட்டிருக்கு. சர்வர் இருக்கறது சிங்கப்பூர்ல, அந்த ஊர் நேரத்துக்கே செட் பண்ணியிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. சிங்கப்பூர் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. அங்கே 11.59 அடிக்கும்போது இங்கே மணி 9.29. டியூஷன் முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, சர்டிஃபிகேட்டை எல்லாம் ஸ்கேன் பண்ணி எடுத்துட்டு பத்து மணிக்கு உட்கார்ற பொண்ணுக்கு, 'நேரம் முடிந்தது'ன்னு கதவைச் சாத்திடும்.

புரோகிராம்ல ஒரு வரி தப்பில்லை. எரர் மெசேஜ் கிடையாது. லாக்ல ஒண்ணும் பதிவாகாது. ஆனா, ஒரு குடும்பத்தோட ஒரு வருஷத்து ஃபீஸ் போச்சு. இந்த மாதிரி தப்புதான் ரொம்ப ஆபத்தானது. சர்வர் விழுந்தா ஊருக்கே தெரியும். சர்வர் அமைதியாத் தப்பு பண்ணினா, பாதிக்கப்பட்ட ஆளுக்கு மட்டும்தான் தெரியும். அவங்களும் 'நாமதான் லேட் பண்ணிட்டோம் போல'ன்னு நினைச்சுக்குவாங்க!

அனுபவஸ்தர்கள் கடைப்பிடிக்கற விதி சிம்பிள். டேட்டாபேஸ்ல எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில வை. மனுஷங்களுக்குக் காட்டும்போது மட்டும் அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டி இந்திய நேரமாக் காட்டு. 'கடைசி நாள்' எந்த ஊர்க் கடிகாரப்படின்னு தெளிவா எழுது.

பேய் வீட்டு மர்மம்!

இப்போ உங்களுக்கு ஒரு புதிர். ஒரு சைட்டோட முகப்புப் பக்கம் சூப்பரா திறக்குது. ஆனா, யாராலும் லாகின் பண்ண முடியலை. பாஸ்வேர்ட் சரி. மூணு மாசமா யாரும் புரோகிராமைத் தொடலை. என்ன காரணமா இருக்கும்?

விடை: டிஸ்க் ஃபுல்! யார் வந்தாங்க, என்ன பார்த்தாங்கன்னு சர்வர் தினமும் டைரி எழுதும். அதுதான் 'லாக் ஃபைல்'. யாரும் கவனிக்கலைன்னா அது வளர்ந்து வளர்ந்து மொத்த இடத்தையும் அடைச்சுக்கும். முகப்புப் பக்கத்தைக் காட்ட, இருக்கறதைப் படிச்சாலே போதும். லாகின் பண்ணினாத்தான், 'இவர் உள்ளே வந்திருக்கார்'னு புதுசா எழுதி வைக்கணும். எழுத இடமே இல்லையே!

க்ளைமாக்ஸ் இன்னும் இருக்கு. அந்த மெகா சைஸ் லாக் ஃபைலை டெலிட் பண்ணிட்டுப் பார்த்தா, அப்பவும் டிஸ்க் ஃபுல்லுன்னே காட்டும். லினக்ஸ்ல, ஓடிக்கிட்டு இருக்கற ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வெச்சிருந்தா, பேர் மட்டும்தான் அழியும். இடம் காலியாகாது. அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் பேய் வீட்டைவிட்டுப் போகும்!

பெரிய தலைகளும் தப்பலை!

'இதெல்லாம் சின்ன கம்பெனிகள்ல நடக்கறது'ன்னு நினைச்சா, நினைப்பை மாத்திக்கோங்க. 2016 மார்ச்சில, 'லெஃப்ட் பேட்'ங்கற வெறும் 11 வரி புரோகிராமை அதை எழுதினவர் பொதுக் கிடங்கிலேர்ந்து எடுத்துட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான புராஜெக்ட்கள் உலகம் முழுக்க அப்படியே நின்னுச்சு. 2017 பிப்ரவரி 28 அன்னிக்கு, அமேசானோட சேமிப்பு சர்வர்கள்ல சிலதை மட்டும் நிறுத்தப் போய், கட்டளையைத் தப்பா அடிச்சதுல ஏகப்பட்ட சர்வர்கள் நின்னுச்சு. 'எங்க சர்வீஸ் டவுன்'னு சொல்ல வேண்டிய அவங்க அறிவிப்புப் பலகையே, அதே சர்வர்களை நம்பி இருந்ததால மாத்த முடியலை! 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் சுமார் ஆறு மணி நேரம் காணாமப் போனதும், பராமரிப்பு வேலையில கொடுத்த ஒரு கட்டளையாலதான்.

ஆனா, நாம பாடமாவே படிக்க வேண்டியது கிட்லேப் கதை. 2017 ஜனவரி 31 ராத்திரி. டேட்டாபேஸ் சர்வர் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஒரிஜினல், இன்னொண்ணு நகல். நகல் தகராறு பண்ண, அதுல இருக்கறதை அழிச்சுட்டுத் திரும்ப காப்பி பண்ணலாம்னு ஒரு எஞ்சினீயர் கட்டளை அடிக்கறார். ஒண்ணு, ரெண்டு செகண்ட்ல அவருக்கு உறைக்குது... அடிச்சது ஒரிஜினல் சர்வர்ல! நிறுத்தறதுக்குள்ள, சுமார் 300 ஜி.பி. டேட்டா இருந்த இடத்துல மிஞ்சினது 4.5 ஜி.பி.

'பேக்கப்தான் இருக்கே!'ன்னு ஓடிப் போய்ப் பார்த்தா... தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலி! டேட்டாபேஸ் ஒரு வெர்ஷன், பேக்கப் எடுக்கற சாஃப்ட்வேர் வேற வெர்ஷன். அதனால பேக்கப் ஃபெயிலாகிட்டே இருந்திருக்கு. ஃபெயிலானதைச் சொல்ல வேண்டிய ஈமெயிலும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கு. இப்படி அஞ்சு ஏற்பாடு இருந்தும் எதையும் நம்ப முடியாத நிலை. சம்பவத்துக்கு ஆறு மணி நேரம் முன்னாடி, வேற ஒரு வேலைக்காக எடுத்து வெச்சிருந்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. சுமார் 18 மணி நேரம் கழிச்சு சைட் எழுந்தப்போ, நடுவுல இருந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான்.

இதுல நாம சல்யூட் அடிக்க வேண்டிய விஷயம் வேற. அவங்க எதையும் மறைக்கலை. மீட்கற வேலையை யூடியூப்ல லைவ்வாக் காட்டினாங்க. என்ன தப்பு நடந்ததுன்னு ஒவ்வொரு நிமிஷத்தையும் எழுதி வெளியிட்டாங்க. கட்டளை அடிச்சவரோட பேரைப் போடாம 'டீம் மெம்பர் 1'னு மட்டும் குறிப்பிட்டாங்க. 'யார் பண்ணினது?'ங்கற கேள்வியைவிட 'ஒரு தப்பு இவ்வளவு தூரம் போக ஏன் வழி இருந்தது?'ங்கற கேள்வி பெருசுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. லேப்ல ஒரு கேபிள் பிடுங்கினாலே 'யார்றா அது?'ன்னு தேடற நமக்கு இது பெரிய பாடம்!

சர்வர் என்ன சொல்றார்?

எரர் நம்பர்களை ஹோட்டல் பாஷையில படிச்சா சுலபமாப் புரியும். இதோ உங்களுக்காக...

200: 'சார், நீங்க கேட்ட நெய் ரோஸ்ட்!'

301: 'நம்ம கடை எதிர்வரிசைக்கு மாறிடுச்சு சார். அங்கே போங்க.'

403: 'அயிட்டம் இருக்கு. ஆனா, உங்களுக்குத் தர மாட்டோம்.'

404: 'அப்படி ஒரு அயிட்டமே நம்ம கடையில இல்லையே!'

500: 'உள்ளே ஏதோ கருகிடுச்சு சார். என்னன்னு கேட்காதீங்க.'

502: 'மாஸ்டர் என்னமோ சொல்றார்... ஒண்ணுமே புரியலை.'

503: 'கூட்டம் தாங்கலை. அப்புறமா வாங்க.'

504: 'மாஸ்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை சார்.'

418: 'நான் ஒரு டீ கெட்டில். என்கிட்ட காபி கேட்காதீங்க!' - சிரிக்காதீங்க. 1998 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்துக்காக நிஜமாவே வெளியிட்ட நம்பர் இது!

முதல் வேலையில சேரும் முன்...

* எரரைப் பார்த்ததும் கூகுளுக்கு ஓடாதீங்க. முதல்ல லாக் ஃபைலோட கடைசி இருபது வரியை நிதானமாப் படிங்க. பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும்.

* 'கடைசியா என்ன மாத்தினோம்?' - இந்த ஒரு கேள்விதான் பாதி பிரச்னைக்குச் சாவி. நீங்க மாத்தலைன்னாலும் வெர்ஷன், சர்டிஃபிகேட், டொமைன், டிஸ்க்னு எதுவோ மாறியிருக்கும்.

* ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். அஞ்சை ஒண்ணா மாத்திச் சரியாயிட்டா, எது சரி பண்ணுச்சுன்னு சாகற வரைக்கும் தெரியாது.

* பர்மிஷன் தகராறுன்னதும் 777 கொடுத்து ஊருக்கே கதவைத் திறந்து வைக்காதீங்க. பூட்டு திறக்கலைன்னு கதவையே கழட்டிப் போடற கதை அது.

* எஸ்.எஸ்.எல். சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் குறைஞ்சுக்கிட்டே வருது. 2029 மார்ச்சிலேர்ந்து புதுசா வாங்கற சர்டிஃபிகேட்டுக்கு அதிகபட்சம் 47 நாள்தான்னு 2025-லயே முடிவு பண்ணிட்டாங்க. காலண்டர்ல வட்டம் போடறதை நம்பாதீங்க. தானாப் புதுப்பிக்க ஏற்பாடு பண்ணுங்க. அது வேலை செய்யுதான்னும் பாருங்க.

* பேக்கப் எடுத்தாப் போதாது. மாசம் ஒருமுறை அதைத் திரும்ப நிறுவிப் பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், தண்ணி இருக்கான்னு பார்க்காத தீயணைப்பு வண்டி மாதிரி.

* அழிக்கற கட்டளை அடிக்கும் முன், எந்த சர்வர்ல நிக்கறோம்னு ஒருமுறை வாய்விட்டுப் படிங்க. ஒரிஜினல் சர்வரோட திரைக்கு மட்டும் சிவப்புக் கலர் கொடுத்து வைக்கறது நல்ல பழக்கம்.

* வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுசா எதையும் ஏத்தாதீங்க. சனி, ஞாயிறு உங்களுக்கு மட்டுமில்ல, உங்க டீமுக்கும் வேணும்!

அடுத்த தடவை ஒரு சைட் சுத்திக்கிட்டே இருந்தா, ரீஃப்ரெஷ் பட்டன்லேர்ந்து விரலை எடுத்துட்டு ஒரு பத்து செகண்ட் பொறுங்க ஃப்ரெண்ட்ஸ். நம்மள்ல பல பேர் ரெண்டு வருஷத்துல அந்த சர்வருக்குப் பின்னாடி உட்காரப் போறோம். அப்போ திரைக்கு இந்தப் பக்கம், ராத்திரி பத்து மணிக்கு ஸ்கேன் பண்ணின சர்டிஃபிகேட்டோட ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருப்பா. நாம எழுதற ஒவ்வொரு வரியும் அவளுக்குப் பரிமாறற இலைதான். இலையைப் போட்டுட்டுப் பசியோட அனுப்பிடாதீங்க!